பிடிக்கட்டைக்கு அடியில்

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, தனக்கு முன்னால் அங்கே குடிபுகுந்தவள் ஒருத்தி இருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பீரோவின் உள்ளறையில், பழைய கம்பளித் துணியில் சுற்றி, தனிச் சாவி போட்டு, ராணி மாதிரி வைத்திருந்தார் அவள் கணவர். ஞாயிற்றுக்கிழமை காலையானால் மேசைமேல் செய்தித்தாளை விரித்து, அந்த ரிவால்வரை எடுத்து வைத்து, எண்ணெய் போட்டுத் துடைக்க உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில் உப்பு தீர்ந்துவிட்டது, சோப்பு தீர்ந்துவிட்டது என்று எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

"உங்க மூத்தாளைக் குளிப்பாட்டி முடிச்சாச்சா? முடிச்சாச்சுன்னா கொஞ்சம் கடைக்குப் போறீங்களா?" என்பாள்.

அவர் சிரிப்பார். கோபித்துக்கொள்ள மாட்டார். சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் உள்ளவர்களுக்குத்தான் அப்போதெல்லாம் பேங்க் வாசலில் நிற்கிற வேலை கிடைக்கும். மூத்தாள் புண்ணியத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த ரிவால்வர் அவர்கள் இருவரையும்விட வயதில் பெரியது. தோல் ஆலை வைத்திருந்த ஒரு முதலாளி அதை நெடுங்காலம் ஆண்டுவிட்டு, கண் மங்கியபிறகு, தன் ஆலையில் காவலுக்கு நின்ற அவருக்கே முறைப்படி எழுதிக்கொடுத்தார். முதலாளிக்குக் கை பெரிது. கம்பெனி போட்ட பிடி கைக்கு அடங்கவில்லை என்று, தடித்த மரத்தில் வேறொரு பிடிக்கட்டை செய்து மாட்டியிருந்தார். பார்ப்பதற்குச் சின்ன உடம்பில் பெரிய செருப்பு போட்டதுபோல இருக்கும். பேங்க் வாசலில் நின்ற காலம் முழுக்க அவர் ஒரு தடவைகூட அதைச் சுட்டதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஆயுதப் பிரிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுவார். அங்கே லைசென்ஸில் இருக்கிற எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு முத்திரை குத்துவார்கள். துணியை அவிழ்க்கக்கூடச் சொல்லாத வருஷங்கள் உண்டு.

அவளுக்கு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் வேலை. தைத்து முடித்த சட்டைகள் அவள் மேசைக்கு வரும். உள்ளும் புறமும் திருப்பி, விட்டுப்போன தையல், இழுத்துப்போன நூல், கோணிப்போன காலர் எல்லாவற்றிலும் சிவப்பு ஒட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவாள். தைப்பவர்கள் அவளுக்கு வைத்த பேர் பூதக்கண்ணாடி. "பூதக்கண்ணாடி கையில மாட்டினா சட்டை கப்பல் ஏறாது, நம்ம மானம்தான் கப்பல் ஏறும்" என்பார்கள். அவள் காதில் விழும்படியேதான் சொல்வார்கள்.

ஒரே பையன். தாமதமாகப் பிறந்தவன். அவள் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அப்பாவுக்கு அவன் 'பெரிய மனுஷன்'. படிப்பில் சுமார், பேச்சில் கெட்டி. படித்து முடித்துவிட்டு பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் சேர்ந்தான்.

கணவர் ஓய்வு பெற்ற சமயத்தில் அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"வேலைதான் முடிஞ்சுபோச்சே. இதையும் கொடுத்துடுங்களேன்."

"இருந்துட்டுப் போகட்டும். உங்கிட்ட சோறா கேக்குது?"

"வயசுப் பையன் இருக்கற வீடுங்க."

"யாரு, இவனா? எலியைப் பாத்தா கட்டில்மேல ஏறி நிக்கறவன். இவன் போய் இதைத் தொடுவானா?"

பையன்தான் முதலில் சிரித்தான். பிறகு அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பேச்சு அத்தோடு போயிற்று. தானும் சேர்ந்து சிரித்ததை அவள் பிற்பாடு மன்னிக்கவே இல்லை.

நடந்தது ஒரு வேலைநாள் காலை. கணவர் ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போயிருந்தார். அவள் கம்பெனியில் தன் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போதும் அந்தக் கோடியிலிருந்து கத்திக் கூப்பிடுகிற மேற்பார்வையாளர் அன்றைக்கு நடந்து பக்கத்தில் வந்தார்.

"அக்கா, கையில இருக்கறதை வெச்சுட்டு வாங்க."

"இந்தக் கட்டு முடியட்டும் சார், வந்துடறேன்."

அவர் அங்கேயே நின்றார். அவள் மிச்சமிருந்த சட்டைகளையும் ஒன்றுவிடாமல் பார்த்து முடித்துவிட்டுத்தான் போனாள். கடைசிச் சட்டையில் பொத்தான் துளை ஒன்று பிரிந்திருந்தது. அதற்குச் சிவப்பு ஒட்டும் ஒட்டினாள்.

வீட்டுப் படிக்கட்டு நிறைய ஆட்கள். கணவர் கீழ்ப்படியில் மாத்திரைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். அவளை மேலே விடவில்லை. பையனை அவள் ஆஸ்பத்திரியில்தான் பார்த்தாள், முகத்துக்குக் கீழே மட்டும்.

ஏன் என்று சொல்ல ஆளில்லை. ஒரு துண்டுக் காகிதம் இல்லை. போனில் கடைசியாக ஒரு நண்பனிடம், சாயங்காலம் டயரை மாற்றப் போகலாம் என்று பேசியிருந்தான். கொஞ்சநாளாகப் பேச்சு குறைந்திருந்தது உண்மைதான். வேலைக் களைப்பு என்று நினைத்திருந்தாள். பீரோச் சாவி எங்கே இருக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெடித்ததா, வெடிக்கட்டும் என்று எடுத்தானா, அது அவனோடு போய்விட்டது. விசாரணை முடிவில் 'கைத்தவறு' என்று எழுதினார்கள். கணவர் அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். துக்கம் கேட்க வந்தவர்கள், கேட்காதவர்கள், மளிகைக்கடைக்காரர், எதிர்வீட்டுக் குழந்தை எல்லோரிடமும் சொன்னார். "கைத்தவறு. கோர்ட்டே சொல்லிடுச்சு."

அவளிடம் மட்டும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சோறு போட்டாள், சாப்பிட்டார். துணி துவைத்தாள், உடுத்திக்கொண்டார். இரண்டு அறை வீட்டில் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் எப்படி நடப்பது என்று இருவரும் பழகிக்கொண்டார்கள். அவள் மறுபடி கம்பெனிக்குப் போகத் தொடங்கினாள். அங்கே எல்லோரும் அவளைப் பூதக்கண்ணாடி என்று சொல்வதை நிறுத்திவிட்டார்கள். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கோர்ட்டில் வழக்குக் கட்டு முடிந்து, பொருளை உரியவர் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். உரியவர் என்றால் லைசென்ஸ்காரர். அதாவது பையனின் அப்பா.

அன்றைக்குத்தான் கணவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். "வாங்கி, நேரா ஆயுதப் பிரிவுல ஒப்படைச்சுடறேன். அழிச்சுடுவாங்க. வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன்."

"நானும் வரேன்."

"உனக்கு எதுக்கு?"

"அது போறதை என் கண்ணால பாக்கணும்."

கோர்ட்டில் துணிப்பைக்குள் வைத்துக் கொடுத்தார்கள். அங்கிருந்து ஆயுதப் பிரிவுக்கு நடந்தே போய்விட்டார்கள். நீள அறை. சுவரோரம் இரும்பு அலமாரிகள், ஒன்றன்மேல் ஒன்றாகக் காகிதக் கட்டுகள். மேசையில் உட்கார்ந்திருந்த எழுத்தர் நடுவயதுப் பெண். புது ஆள். அவர் பழைய ஆட்களைப்போல லைசென்ஸைப் பார்த்து எழுதவில்லை. துப்பாக்கியை எடுத்தார், உருளையைப் பக்கவாட்டில் வெளியே தள்ளினார், அது உட்காருகிற குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். லைசென்ஸைப் பார்த்தார். மறுபடி குழியைப் பார்த்தார்.

"ஐயா, இது உங்க துப்பாக்கிதானா?"

"என்னம்மா கேக்கறீங்க? எத்தனையோ வருஷமா இங்கதானே காட்டறேன்."

"லைசென்ஸ்ல ஒரு நம்பர் இருக்கு. இதுல வேற நம்பர் இருக்கு. ஒரு எண்கூட ஒத்துப்போகலை."

எழுத்தர் குழல்மேல் பார்த்தார், குழலுக்கு அடியில் பார்த்தார், உருளையின் பின்பக்கம் துரு ஏறியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். குழலின் மேல் கம்பெனி பேரும் ஏதோ தேதிகளும் இருந்தன. வேறெங்கும் எண் தெரியவில்லை.

"அப்ப இது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. லைசென்ஸ்ல இருக்கறது எங்கேன்னு நான் கேக்கணும்" என்றார்.

அவள் மேசைக்கு முன்னால் வந்தாள். "அம்மா, என் பிள்ளை செத்தது இதுலதான். அதுல சந்தேகம் இல்லை. இதை எடுத்துக்கங்க."

எழுத்தர் தலை குனிந்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் இதை வாங்கினா ஐயா மேல கேஸ் எழுதித்தான் வாங்க முடியும். எழுதட்டுமா? உங்க நிலைமை தெரிஞ்சுதான் சொல்றேன். எடுத்துட்டுப் போங்க. சரியான நம்பர் எங்க இருக்குன்னு தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுப் பாத்து, அதோட வாங்க. பாகங்களைக் கழட்டிப் பாக்க எனக்கு அதிகாரம் இல்லைம்மா. ஏதாவது உடைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பை கணவர் மடியில். ஜன்னல் பக்கம் அவள். ஒரு பெண் கைக்குழந்தையோடு பக்கத்தில் வந்து நின்றாள், இவள் எழுந்து இடம் கொடுக்கப் போனாள். அந்தப் பெண் அந்தப் பையின் பக்கத்தில் குழந்தையோடு உட்காரப்போகிறாள் என்று தோன்றியதும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் முறைத்தாள்.

வீட்டு வாசலில் அவள் படியிலேயே நின்றுவிட்டாள். "உள்ளே வேண்டாம்."

"வேற எங்க வைக்கச் சொல்ற? தெருவுலயா? போலீஸ் பிடிச்சா?"

"என்னமோ செய்யுங்க. நான் இருக்கற வீட்டுக்குள்ள அது வரக்கூடாது."

கடைசியில் வீட்டுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த சாமான் அறையில், உடைந்த மின்விசிறிக்கு அடியில் வைத்துப் பூட்டினார்கள். கணவர் அந்தக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பேங்க் வாசலில் நின்றதைவிட விறைப்பாக. சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவருக்குத் தெரிந்த துப்பாக்கி ரிப்பேர்காரர் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். எங்கெங்கோ கேட்டு அவருடைய போன் எண்ணை வாங்கிக் கணவர் பேசினார். காது மந்தம் என்பதால் ஒலியைப் பெரிதாக வைத்துத்தான் பேசுவார். அடுக்களையில் நின்ற அவளுக்கு எல்லாம் கேட்டது.

"அண்ணே, உருளைக் குழியில இருக்கறது துப்பாக்கி நம்பரே இல்லைண்ணே. அது கம்பெனிக்குள்ள போட்டுக்கற நம்பர். பொருத்திப் பாத்த பாகங்களை மெருகு போட அனுப்பறப்ப வேறொண்ணோட கலந்துடக்கூடாது இல்லையா, அதுக்கு. பாதிப்பேர் அதைப் பாத்துத்தான் ஏமாந்து போறாங்க."

துணிக் கம்பெனியில் ஒரே சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றுக்கும் ஒரே எண் ஒட்டிக் கட்டாகக் கட்டுவார்கள். சட்டை முடிந்ததும் அதைப் பிய்த்து எறிந்துவிடுவார்கள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததற்காக எரிச்சலாகவும் இருந்தது.

"அப்ப நிஜ நம்பர் எங்கேப்பா?"

"அந்த மாடலுக்கு அடியிலதான் இருக்கும். பிடியோட அடி இரும்புல. உங்களுதுல பெரிய மரக்கட்டை மாட்டியிருக்குமே, அது மூடியிருக்கும். பக்கத்துல ஒரே ஒரு திருகாணி. அதைக் கழட்டிட்டா ரெண்டு கட்டையும் பிரிஞ்சு வந்துடும். உருளை காலியான்னு முதல்ல பாத்துக்கங்க." கடைசியில், "தம்பி விஷயம் கேள்விப்பட்டேண்ணே" என்றார். கணவர் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சாமான் அறையைத் திறந்து, தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார். பழைய பழக்கம், கை தானாக விரித்தது. அவள் துணி உலர்த்துகிற சாக்கில் கொடிப்பக்கம் நின்றாள். திருப்புளி திருகாணியில் நிற்கவில்லை. இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை அவர் கட்டைவிரலில் கீறியது. அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவள் ஈரத்துணியை வாளியில் போட்டுவிட்டுப் போய் எதிரே உட்கார்ந்தாள்.

"கொடுங்க."

"வேண்டாம். நீ தொடாதே."

"கொடுங்கன்னா."

இத்தனை வருஷத்தில் அதை அவள் கையில் எடுத்ததில்லை. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தையல் மெஷின் எண்ணெயைக் கொண்டுவந்து திருகாணியில் ஒரு சொட்டு விட்டாள். கொஞ்சம் பொறுத்து, திருப்புளியை அழுத்திப் பிடித்துத் திருப்பினாள். சுற்றிக்கொண்டு வந்தது. ஒரு பக்கக் கட்டை கையோடு வந்தது. இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தைக் கொடுத்துப் பிரித்தாள்.

கோர்ட்டிலோ போலீஸிலோ வெளியே துடைத்துக் கொடுத்திருந்தார்கள். மரத்துக்கு அடியில் யாரும் துடைக்கவில்லை. கறுத்து, காய்ந்து, செதில் செதிலாக இரும்போடு ஒட்டியிருந்தது. துரு என்றுதான் முதலில் நினைத்தாள். விரலால் தொட்டபிறகுதான் தெரிந்தது.

கணவரும் பார்த்துவிட்டார். ஒரு மாதிரிச் சத்தம் போட்டார்.

அவள் எழுந்து போனாள். திரும்பி வரமாட்டாள் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அவள் பல் தேய்க்கிற பழைய பிரஷ் ஒன்றையும் பையனின் பனியன் ஒன்றையும் கொண்டுவந்தாள். வேறு துணி கைக்கு வரவில்லையா, அதுதான் வேண்டும் என்று எடுத்தாளா, அவளுக்கே தெரியாது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, மெதுவாகத் தேய்த்தாள். சின்ன வயதில் அவன் முழங்கால் சிராய்ப்போடு வருவான், மண்ணை எடுக்கத் தேய்த்தால் கத்துவான். அந்த அழுத்தம்தான் கைக்கு வந்தது. பனியனில் பழுப்பாக இறங்கியது. அதை மடித்து, வேறு பக்கத்தால் துடைத்தாள். அடி இரும்பில் எண்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"எழுதிக்கங்க" என்றாள். "நாலு. ஆறு. ரெண்டு. அப்புறம்... ஒண்ணா ஏழான்னு தெரியலை. இருங்க." வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள். "ஏழு. மேல கோடு இருக்கு. அதுக்கப்புறம் மூணு."

அவர் எழுதவில்லை. லைசென்ஸ் எண் அவருக்கு மனப்பாடம். அவள் சொல்லச் சொல்ல உதடு கூடவே அசைந்தது.

"அதுதான்" என்றார்.

அவள் பனியனைக் கீழே வைக்கவில்லை. அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "கைத்தவறுதானே? சொல்லேன். கைத்தவறுதானே அது?"

ஊருக்கெல்லாம் அடித்துச் சொன்னவர், அவளிடம் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலைங்க" என்றாள். "எனக்கும் தெரியலை. உங்களுக்கும் தெரியலை."

அவர் அழுதார். பையன் போனதிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். தொடவில்லை. வெயில் வாளிவரைக்கும் வந்ததும் எழுந்து போய்த் துணியை உலர்த்தினாள்.

மறுநாள் எழுத்தர் கட்டையைக் கழற்றிய நிலையிலேயே துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். எண்ணை இரண்டு தடவை ஒப்பிட்டார். "சரியா இருக்கு" என்றார். கணவர் கையெழுத்துப் போட்டார். கழற்றிய மரக்கட்டைகளையும் சேர்த்து ஒரு சாக்குப்பையில் போட்டு, வாயைக் கட்டி, சீட்டுத் தொங்கவிட்டார் எழுத்தர்.

"எப்ப அழிப்பீங்க?" என்று அவள் கேட்டாள்.

"நிறையச் சேரணும்மா. சேந்தப்புறம் மேலிடத்துல உத்தரவு வாங்கி, உருக்கறதுக்கு அனுப்புவாங்க."

"அன்னைக்கு நான் வந்து பாக்கலாமா?"

"அதெல்லாம் யாரையும் விட மாட்டாங்க."

அவள் சாக்குப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார். எழுத்தர் பையை எடுத்து அலமாரிக்குக் கீழே, அதேபோல் சீட்டுக் கட்டிய வேறு பைகளோடு தள்ளிவைத்தார். அத்தோடு முடிந்தது. அது எப்போது உருகியது, உருகியதா என்றுகூட அவளுக்குச் சேதி வரவில்லை.

அதற்குப்பிறகு வீட்டில் பேச்சு கொஞ்சம் திரும்பியது. பெரிதாக ஒன்றும் இல்லை. கரண்ட் பில், தண்ணீர் வராத நாள், மாத்திரை. கணவர் 'கைத்தவறு' என்று சொல்வதையே விட்டுவிட்டார். யாராவது கேட்டால், "பையன் இறந்துட்டான்" என்பார், மேற்கொண்டு பேசமாட்டார். சில வருஷம் அப்படி ஓடியது. ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டார். கம்பெனிக்காரர்கள் வந்து அவளோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

அவள் இன்னும் அந்த இரண்டு அறை வீட்டில்தான் இருக்கிறாள். கண் பார்வை குறைந்ததும் கம்பெனியிலிருந்து நின்றுவிட்டாள். கீழ்வீட்டில் புதிதாகக் குடிவந்த பெண் நல்ல மாதிரி. அடிக்கடி மேலே வந்து பேசிக்கொண்டிருப்பாள். யாரோ அவளிடம் பழைய கதையைச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏன் பெரியம்மா, அது நடந்த ரூம்லயே படுக்கறீங்களே, பயமா இல்லையா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் தலையணை உறையை மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டி முடித்து, மூலைகளை இழுத்துவிட்டாள்.

"இந்த ரூம்லதாம்மா காத்து வருது" என்றாள்.